பூணூல் எந்தத் தோளில்? சாமி படம் எடுக்க வருகிறவர்களுக்கு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஸ்டுடியோ இருக்கிறது. அப்பா தொடங்கியது. படம் எடுப்பதும் உண்டு, எடுத்த படத்துக்குச் சட்டம் போடுவதும் உண்டு. மாசி மகம் நெருங்கினால் கல்லூரிப் பிள்ளைகள் புதுக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். "அண்ணா, தேவனாம்பட்டினத்தில் எங்கே நின்றால் நல்ல படம் கிடைக்கும்?" எங்கே நிற்பது என்பதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். எதைப் பார்ப்பது என்று சொல்லத்தான் எனக்கு ஒரு டீயும் அவர்களுக்குப் பொறுமையும் தேவைப்படுகிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

என் பிழையிலிருந்தே தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண ஆல்பம் செய்தேன். விரித்த பக்கத்தில் மாப்பிள்ளை ஒருபுறம், பெண் மறுபுறம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிற மாதிரி இருந்தால் அழகு. மாப்பிள்ளையோ பக்கத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கணினியில் படத்தை இடவலமாகத் திருப்பினேன். அழகாக உட்கார்ந்தது. அச்சாகி வந்த ஆல்பத்தை மாப்பிள்ளையின் தாத்தா மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "என் பேரனுக்கு நடந்தது கல்யாணமா, திவசமா?"

பூணூல் இடது தோளில் கிடந்து வலது கைக்குக் கீழே இறங்க வேண்டும். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கும்போதுதான் அது வலது தோளுக்கு மாறும். நான் திருப்பிய திருப்பில் பையன் மணக்கோலத்தில் பித்ரு காரியம் செய்துகொண்டிருந்தான். பக்கங்களைப் புதிதாக அச்சடித்துக் கொடுத்தேன். செலவு என் தலையில்.

அதே நூல், அதே ஆள், அதே பட்டு வேட்டி. கிடக்கிற பக்கம் மாறியதும் சேதி தலைகீழாகிவிட்டது. சாமி படம் எடுக்கிறவன் முதலில் பழக வேண்டியது இதைத்தான். எந்தச் சின்னம் இருக்கிறது என்று பார்த்தால் பாதிதான் ஆகிறது. எந்தப் பக்கம் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுதாகிறது.

திருப்பாதே

ஆகவே முதல் விதி: பக்திப் படத்தை எக்காரணம் கொண்டும் இடவலம் திருப்பக் கூடாது. சிதம்பரத்து நடராஜர் இடது காலைத் தூக்கி ஆடுகிறார். திருப்பினால் வலது கால் மேலே போய்விடும். கால் மாறி ஆடிய கோலம் மதுரை வெள்ளியம்பலத்துக்கு உரியது. நீங்கள் ஒரு சொடுக்கில் சாமியை ஊர் மாற்றிவிட்டீர்கள் என்று பொருள். பெருமாளுக்குப் பின்கைகளில் வலப்பக்கம் சக்கரம், இடப்பக்கம் சங்கு. பிள்ளையாருக்குத் தும்பிக்கை வலஞ்சுழியா இடஞ்சுழியா என்பதில் வீட்டுக்கு வீடு நம்பிக்கை உண்டு. அதில் நாம் கை வைக்கக் கூடாது.

இது கோயிலோடு முடிகிற சங்கதி இல்லை. புதுச்சேரியில் ஒரு குருப்பட்ட விழாவுக்கு, அதாவது ஒருவரைக் குருவானவராக்கும் சடங்குக்கு, படம் எடுக்கப் போனபோதுதான் கவனித்தேன். கத்தோலிக்கக் குருவானவருக்குத் தோளில் போடும் நீண்ட பட்டை கழுத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் நேராகத் தொங்குகிறது. இன்னும் குருவாகாத திருத்தொண்டருக்கு அதே பட்டை இடது தோளிலிருந்து குறுக்காக வலது இடுப்புக்கு இறங்குகிறது. நம் பூணூல் போலவே. பட்டை கிடக்கிற விதத்தை வைத்து அவர் யார் என்று அங்கே இருந்த பாட்டிமார்கள் எல்லாருக்கும் தெரிந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

செல்பேசியில் எடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். சில செல்பேசிகளில் முன்பக்கக் கேமரா, கண்ணாடியில் தெரிகிற மாதிரியே படத்தைச் சேமிக்கும். அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்துவிட்டு வாருங்கள். உபநயனத்தன்று குடும்பமாகத் தாமி (செல்ஃபி) எடுத்து, பூணூலை வலது தோளில் போட்ட பிள்ளையை ஊருக்கெல்லாம் அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடற்கரையில் எதைப் பார்ப்பது

மாசி மகத்தன்று சுற்றுவட்டார ஊர்ச் சாமிகள் எல்லாம் தேவனாம்பட்டினம் வருகின்றன. டிராக்டரில், மினி லாரியில், தோளில். புதுச்சேரிக்காரர்களுக்கு வைத்திக்குப்பம். மயிலத்து முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் அங்கேதான் வருவார்கள். சாமிகள் கடலைப் பார்த்து நிற்கும், கடல் கிழக்கே. ஆகவே காலை வெயில் சாமியின் முகத்தில் நேராக விழும். ஆறரையிலிருந்து எட்டு வரை பொன்னான நேரம். ஒன்பதைத் தாண்டினால் குடையின் நிழல் முகத்தில் இறங்கிவிடும். பிறகு நீங்கள் எடுப்பதெல்லாம் பளிச்சென்ற குடையும் கரிய முகமும்தான்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் பூ அலங்காரத்தையும் பெரிய வாகனத்தையும் நூறு படம் எடுப்பார்கள். அன்றைய காரியம் அங்கே நடப்பதில்லை. உற்சவர் கரையிலேயே இருப்பார். கடலில் முழுகப் போவது அவருடைய ஆயுதம். சிவன் கோயில் என்றால் குருக்கள் கையில் சூல வடிவான அஸ்திரதேவர். பெருமாள் கோயில் என்றால் சக்கரத்தாழ்வார். முருகன் என்றால் வேல். ஒரு முழ உயரம் இருந்தால் அதிகம். அதைக் கையில் ஏந்திக்கொண்டு குருக்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்குவார், அலை வரும், முழுகுவார். அதே நொடியில் சுற்றி நிற்கிற கூட்டம் முழுவதும் முழுகும். எழும்போது தலைமயிரும் வேட்டியும் ஒழுக, அந்தச் சின்னஞ்சிறு வேல் மட்டும் தலைக்கு மேலே. மூன்று நொடி. தீர்த்தவாரி என்ற சொல்லை ஒரே படத்தில் சொல்ல வேண்டுமானால் அந்த மூன்று நொடியில்தான் சொல்ல முடியும்.

அதற்கு ஷட்டர் வேகம் 1/1000 வைத்துக்கொள்ளுங்கள். குருக்களுக்கு முன்னால் கடல்பக்கம் போய் நிற்காதீர்கள். அவருடைய வழியையும் மறைப்பீர்கள், அலைக்கு முதுகையும் காட்டுவீர்கள். இரண்டுமே தவறு. பக்கவாட்டில், முழங்கால் தண்ணீரில் நில்லுங்கள். கேமராவுக்குப் பிளாஸ்டிக் உறை. வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்தெடுங்கள். என்னிடம் இரண்டு லென்ஸ்கள் உப்பரித்துக் கிடக்கின்றன.

அதே கரையில் பத்தடி தள்ளி இன்னொன்று நடக்கும். தர்ப்பணம். பெரும்பாலும் ஒருவர் குந்தி உட்கார்ந்திருப்பார். எள்ளும் தண்ணீரும் விடுவார். இதை எடுக்கும்போது கையைப் பாருங்கள். தேவர்களுக்கு என்றால் நீர் விரல் நுனிகளின் வழியே விழும். பித்ருக்களுக்கு என்றால் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சரிந்து விழும். மோதிர விரலில் தர்ப்பையால் முடிந்த பவித்திரம் இருக்கும். பூணூல் உண்டென்றால் வலது தோளுக்கு வந்திருக்கும். இத்தனையும் படத்துக்குள் வந்துவிட்டால் கீழே ஒரு வரி எழுத வேண்டியதில்லை, தெரிந்தவர் கண்டுகொள்வார். வராவிட்டால் யாரோ ஒருவர் கடலோரம் கை கழுவுகிறார், அவ்வளவுதான்.

தரையோடு தரையாக அமர்ந்து, 1/500 வேகத்தில், நீர் கையை விட்டுப் பிரிகிற இடத்தில் ஃபோகஸ் வையுங்கள். முகம் வேண்டாம். அவர் தன் அப்பாவோடு பேசிக்கொண்டிருக்கிறார், நம்மோடு இல்லை. முடிந்து எழுந்ததும் படத்தைக் காட்டிக் கேளுங்கள். அழிக்கச் சொன்னால் அவர் கண்ணெதிரே அழித்துவிடுங்கள்.

கையை வெட்டாதே

பாடலீஸ்வரர் கோயிலில் அப்பர் இருக்கிறார். எங்கள் ஊருக்கும் அவருக்கும் தனி உறவு. கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் போட்டபோது, 'சொற்றுணை வேதியன்' பாடி அவர் கரையேறிய இடம் இங்கேதான். அந்த இடத்தின் பெயரே கரையேறவிட்ட குப்பம். சித்திரையில் விழா நடக்கும். விழா படங்களை ஒரு பையன் கொண்டுவந்து காட்டினான். அப்பர் முகம் மட்டும் திரை முழுக்க, கண்கள் தெளிவாக, பின்னணி மங்கலாக. உருவப்படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அந்தப் பாடப்படி குறையே இல்லை. ஆனால் அது அப்பர் என்று யார் சொல்வது?

நால்வர் சிலைகளை முகத்தை வைத்து யாரும் அடையாளம் காண்பதில்லை. தோளில் உழவாரம் சாய்ந்திருந்தால் அப்பர், கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கிய கருவி அது. குழந்தை உருவமாக இருந்தால் சம்பந்தர். மாப்பிள்ளைக் கோலம் என்றால் சுந்தரர். கையில் ஓலைச்சுவடி என்றால் மாணிக்கவாசகர். புதுச்சேரி மாதா கோயில்களிலும் இதே இலக்கணம்தான். சாவி வைத்திருப்பவர் இராயப்பர் (பேதுரு), குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தியவர் அந்தோணியார், உடம்பில் அம்பு தைத்தவர் செபஸ்தியார். புதுச்சேரி இரயிலடி பக்கத்து இருதய ஆண்டவர் பேராலயத்தில் 28 புனிதர்கள் வண்ணக் கண்ணாடியில் நிற்கிறார்கள். வெளியே நல்ல வெயில் இருக்கும்போது உள்ளே போய், கண்ணாடிக்கு ஏற்றபடி வெளிச்சத்தை அளந்து எடுங்கள். ஆளாளுக்குக் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள், அரைநாள் ஓடிவிடும். முகத்தை நெருக்கி எடுக்கிற ஆசையை மனிதர்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மேல் விளிம்பையும் வெட்டாதீர்கள். எங்கள் பக்கத்தில் கொடிமரம் மூன்று மதத்துக்கும் பொது. கோயிலிலும் உண்டு, மாதா கோயிலிலும் உண்டு, தர்காவிலும் உண்டு. வில்லியனூரில் திருக்காமீஸ்வரருக்கும் தேர், லூர்து மாதாவுக்கும் தேர். பூச்சரமும் மின்விளக்கும் இழுக்கிற கூட்டமும் இரண்டிலும் ஒன்றுதான். உச்சியில் இருப்பது நந்தியா, சிலுவையா, பிறையா என்பதில்தான் சேதி இருக்கிறது. கூட்டத்தின் உற்சாகத்தைக் காட்டுகிறேன் என்று உச்சியை வெட்டியவன், விலாசம் எழுதாத கடிதத்தைத் தபாலில் போட்டவன்.

நிறம் பொய் சொல்லும்

ஆகஸ்டு கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடுத்தியவர்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே நடப்பார்கள். ஒரு மாணவர் அந்தப் படத்துக்குப் 'பழனி பாதயாத்திரை' என்று பெயர் வைத்திருந்தார். முதுகுப்புறம் எடுத்த படம், பத்துப் பேர், வெறுங்கால், காவி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பெண்ணின் மணிக்கட்டில் ஜெபமாலை சுற்றியிருந்தது. அவர்கள் வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள். ஆகஸ்டு 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா.

நிறத்தை மட்டும் நம்பி எடுத்தால் இப்படித்தான் ஆகும். சிவப்பு உடுத்தினால் மேல்மருவத்தூர், கறுப்பென்றால் சபரிமலை என்று பொதுவாகச் சொல்லலாம். இருமுடியோ மாலையோ கூட ஒன்று தெரிந்தால்தான் உறுதி. குருவானவரின் மேலங்கி நிறமோ ஆளைச் சொல்வதில்லை, நாளைச் சொல்கிறது. தவக்காலத்தில் ஊதா, ஈஸ்டருக்கு வெள்ளை, குருத்தோலை ஞாயிறன்று சிவப்பு. குருத்தோலை என்றதும் நினைவு வருகிறது: மாரியம்மன் பந்தலில் தோரணமாகத் தொங்குவதும் தென்னங்குருத்துதான், அன்றைக்குச் சிலுவையாக முடைந்து கையில் பிடிப்பதும் பெரும்பாலும் தென்னங்குருத்துதான். ஓலையை எடுக்காதீர்கள், ஓலை முடைகிற விரல்களை எடுங்கள்.

கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பில் இருந்தால் எண்ணெய் விளக்கின் மஞ்சளை வெளுப்பாக்கிவிடும், மஞ்சள் புடவையைப் பழந்துணியாக்கிவிடும். வொயிட் பேலன்ஸை வெயிலுக்கு உரிய எண்ணில், ஏறக்குறைய 5200 கெல்வினில், நிறுத்திவைத்துவிடுங்கள். தீபம் படத்தில் பொன்னாகவே இருக்கட்டும். கற்பூர ஆரத்திக்கு ஃபிளாஷ் அடிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. சுடர் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும், பக்கத்தில் நிற்பவர் முகத்தில் இருந்த வெளிச்சமும் போய்விடும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 1600 அல்லது 3200 வைத்து, முகத்தில் விழுகிற வெளிச்சத்தை அளந்து எடுங்கள். தலையில் வெள்ளை முக்காடு போட்ட பெண்கள் படம் முழுக்க நிறைந்திருந்தால், கேமரா அந்த வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும். வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காக, கூட்டி வையுங்கள்.

கறுப்பு வெள்ளை? இப்போது எல்லாரும் அதில் மயங்குகிறார்கள். குங்குமம் அதில் மச்சமாகிவிடும். சந்தனமும் திருநீறும் ஒன்றாகிவிடும். தேர்வடத்தை இழுக்கிற கைகளுக்கு, மசூதித் திண்ணையில் உட்கார்ந்து ஏந்திய கைகளுக்கு அது பொருந்தும். நெற்றிக்குப் பொருந்தாது.

தடை இருக்கும் இடத்தில்

கருவறையை எடுக்காதீர்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் செல்பேசிக்குத் தடை விதிக்கச் சொன்னது. அதற்கு முன்பும் கருவறைப் படம் என்பது திருட்டுப் படம்தான். உண்மையில் உள்ளே எடுக்க முடியாதது நமக்கு நல்லது.

வடலூரில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளை விலக்கி ஜோதி காட்டுகிறார்கள். கறுப்பில் தொடங்கி நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு. திரையையும் ஜோதியையும் துரத்தாதீர்கள், அந்தக் கூட்டத்தில் உங்கள் கேமராவுக்குக் கிடைக்கப்போவது முன்னால் நிற்பவரின் பிடரிதான். திரும்பி நில்லுங்கள். கடைசித் திரை விலகும்போது ஆயிரம் கைகள் ஒன்றாகத் தலைக்கு மேல் குவியும். ஜோதி அந்த முகங்களில் இருக்கும். பிறகு பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமசாலைக்கு வாருங்கள். 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. புகையேறிய சுவர், பெரிய அண்டா, விறகைத் தள்ளுகிற ஒரு கை. அங்கே வேறு எந்தச் சின்னமும் தேவையில்லை.

மாசி மகத்தை ஒட்டி ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடலுக்குப் போகும்போது, தர்கா சார்பில் அவருக்கு மரியாதை செய்கிறார்கள். அங்கே பெருமாளை விட்டுவிட்டுத் தட்டைப் பிடித்திருக்கும் கைகளைத் தொப்பியோடு சேர்த்து எடுத்துப் பாருங்கள்.

படமே சின்னமாகும் இடம்

கடைசியாக, ஸ்டுடியோக்காரன் மட்டுமே சொல்லக்கூடியது. நம் வீடுகளில் படம் என்பது ஒரு சின்னத்தைக் காட்டுவதோடு நிற்பதில்லை, படமே சின்னமாகிவிடுகிறது. உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட மாட்டோம். கண்ணாடி மேல் சந்தனம் குங்குமம் வைக்க மாட்டோம். மாலை போட்ட படம் என்றால் எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் சேதி தெரியும். கடைத்தெருப் பதாகையில் படத்தின் இரு பக்கமும் குத்துவிளக்குச் சுடர், மேலே கண்ணீர் வடிக்கும் இரண்டு கண்கள், கீழே மலர்வு, உதிர்வு. பஸ்ஸில் போகிறபோதே படித்துவிடுகிறோம்.

அப்பா காலத்தில் இறந்தவர்களின் படம் பெரும்பாலும் ஏதோ ஒரு குழுப்படத்தின் ஓரத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டதாக இருக்கும். பதினாறாம் நாளுக்குள் பெரிதாக்கிக் கொடுக்க வேண்டும். நெற்றியில் ஒன்றும் இருக்காது. அப்பா மெல்லிய தூரிகையால் திருநீறு மூன்று கோடு போடுவார், அல்லது நாமம். நாமம் என்றால் விடமாட்டார், வடகலையா தென்கலையா என்று கேட்பார். அடியில் பாதம் இருந்தால் தென்கலை, இல்லையென்றால் வடகலை. ஒரு முறை அண்ணன் தம்பி இருவரும் எங்கள் கடை வாசலிலேயே சண்டை போட்டார்கள், செத்தவருக்குத் திருநீறா வெறும் நெற்றியா என்று. இப்போது கணினியில் அரை நிமிடத்தில் கோடு போட்டுவிடலாம். ஆனால் கேட்காமல் போடாதீர்கள்.

வடலூர்ப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். வள்ளலாரைப் படம் பிடிக்கப் பல முறை முயன்றும், வெள்ளாடை மட்டுமே பதிந்தது, உடம்பு பதியவில்லை என்று. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். தலையைச் சுற்றிப் போர்த்திய வெள்ளைத் துணியைக் கண்டால் முகம் பார்க்காமலேயே நாம் அவரை அடையாளம் காண்கிறோம் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டி தனியாக வந்தார். நல்ல புடவை, காதில் தோடு, பெரிய பொட்டு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "தம்பி, ரொம்ப நெருக்கி எடுக்காதே. இரண்டு பக்கமும் இடம் விடு. மாலை தொங்கும்போது தோடு மறையக் கூடாது" என்றார். நான் பதில் பேசவில்லை. நாற்காலியிலிருந்து இரண்டடி பின்னால் நகர்ந்து எடுத்தேன். வயதானவர்கள் தனியாக வந்து உட்கார்ந்தால், இப்போதெல்லாம் அவர்கள் சொல்லாமலேயே நான் அந்த இரண்டடி பின்னால் போய்விடுகிறேன்.